காயம் கட்டத் தெரிந்த கை



எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைப் பற்றி இன்றைய நற்செய்தியில் கேட்டோம். அவனுக்கு உதவிய சமாரியரின் இரக்கத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். இன்று அவருடைய கைகளைக் கொஞ்சம் பாருங்கள். காயத்தில் எதை ஊற்ற வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. திராட்சை இரசம் காயத்தைக் கழுவும், எண்ணெய் வலியைத் தணிக்கும் என்பது அந்தக் காலத்து மருத்துவம். கட்டுப் போடவும், அசைய முடியாதவனைத் தூக்கி விலங்கின்மேல் ஏற்றவும் பழக்கம் வேண்டும். அடிபட்டவனைக் கண்ட பிறகா அவர் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்? என்றோ, யாரிடமோ கற்று வைத்திருந்தார். அதனால்தான் அவருடைய இரக்கம் அந்த மனிதனுக்குப் பயன்பட்டது.

நம் ஊரில் ஒருவர் திடீரென்று சாய்ந்து விழுந்தால் என்ன நடக்கிறது? கூட்டம் கூடும். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். “ஆட்டோவைக் கூப்பிடுங்க” என்று நாலு பேர் கத்துவார்கள். இவர்களில் ஒருவர்கூட கல்நெஞ்சக்காரர் இல்லை. எல்லாருக்கும் இரக்கம் இருக்கிறது. ஆனால் இதயம் நின்றுபோனவருக்குச் சோடா எதற்கு? நெஞ்சை அழுத்தி, மூளைக்கு இரத்தம் போகச் செய்ய ஓர் ஆள் வேண்டும். யாரும் அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் சில நிமிடங்களில் அங்கே இருக்கப்போவது பக்கத்தில் நிற்பவர்தான். பெரும்பாலும் இது வீட்டில் நடப்பதால், அந்தப் பக்கத்து ஆள் மனைவியாகவோ மகனாகவோ இருப்பார்.

நின்ற இதயத்தை இயக்க ஒரு காலத்தில் நெஞ்சைக் கிழித்துத் திறந்துதான் கையால் பிசைந்தார்கள். 1960-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், வெளியிலிருந்து அழுத்தினாலே இரத்தம் ஓடும் என்று எழுதினார்கள். எங்கேயும் யாரும் செய்யலாம், இரண்டு கைகள் போதும் என்றார்கள். அறுவை அறைக்குள் இருந்த ஒன்றை ஆண்டவர் அன்று நம் எல்லார் கையிலும் கொடுத்துவிட்டார் என்றே நான் நம்புகிறேன். அதைத்தான் சிபிஆர் என்கிறோம்.

எப்படிச் செய்வது என்பதையும் இங்கிருந்தே சொல்கிறேன். விழுந்தவரின் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் தாமதிக்காதீர்கள். வாயைத் திறந்து விட்டுவிட்டு இழுப்பதைப் பார்த்து, “மூச்சு வருது” என்று பலர் காத்திருந்துவிடுகிறார்கள். இதயம் நின்றவருக்கும் முதல் சில நிமிடங்களில் அந்த இழுப்பு வருவதுண்டு. அதை மூச்சு என்று எண்ணாதீர்கள். “யாராவது 108-க்குப் பேசுங்க” என்று பொதுவாகக் கத்தாமல், ஒருவரைக் கைகாட்டி “நீங்க பேசுங்க” என்று சொல்லுங்கள். கட்டிலோ மெத்தையோ வேண்டாம், தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். பக்கத்தில் முழந்தாளிட்டு, நடுநெஞ்சில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் மறுபடி இரத்தம் நிறையும். பதற்றத்தில் பலர் இதை மறந்து நெஞ்சின்மேலேயே சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அடுத்தவர் மாற வேண்டும். மூச்சுக் கொடுக்கப் பயின்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சுக் கொடுக்கலாம். மற்றவர்கள் அழுத்துவதை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

ஆனால் நீரில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். குளத்திலோ கடலிலோ தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கின்றன. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்த நிமிடங்கள் பிள்ளையின் மூச்சுக்கு உரியவை.

அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். சூனேமியப் பெண்ணின் மகன் இறந்துவிட்டான். எலிசா தம் பணியாளர் கேகசியிடம் கோலைக் கொடுத்து முன்னே அனுப்புகிறார். கோலைச் சிறுவனின் முகத்தில் வைத்தும் பயனில்லை. எலிசாவே வந்து, ஆண்டவரை நோக்கி மன்றாடிவிட்டு, பிள்ளையின்மேல் குனிந்து வாயோடு வாய், கையோடு கை வைக்கிறார். எழுந்து நடந்துவிட்டு மறுபடியும் குனிகிறார். அது இறைவனின் அருஞ்செயல், முதலுதவிப் பாடம் அன்று. ஆனாலும், மன்றாடிய இறைவாக்கினர் எட்டி நிற்காமல் தொட்டார் என்பதைப் பாருங்கள்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் கால்பந்து ஆட்டத்தின் நடுவே விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். உலகமெங்கும் மக்கள் அவருக்காகச் செபித்தார்கள். அந்த நேரமே, பயின்ற கைகள் அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தன. கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அவர் மறுபடி களத்தில் இறங்கினார். செபமும் அந்தக் கைகளும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நற்செய்தியில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட குருவும் லேவியரும் ஏன் விலகிப் போனார்கள்? செத்த உடலைத் தொட்டால் தீட்டு என்று அஞ்சியிருக்கலாம் என்பார்கள் விவிலிய அறிஞர்கள். நம்மிடம் அந்த அச்சம் வேறு உருவத்தில் இருக்கிறது. விழுந்தவர் பெண் என்றால் நெஞ்சில் கை வைக்கத் தயங்குகிறோம். பெண்களுக்குப் பொது இடத்தில் சிபிஆர் கிடைப்பது குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. விழுந்தவர் எந்தத் தெருக்காரர் என்று கண் தேடுமானால், அது இன்னும் பெரிய பாவம். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சாதீர்கள். முறியலாம், முறிந்தால் ஆறும். வழக்கு வருமோ என்று அஞ்சுவோரும் உண்டு. சாலை விபத்தில் உதவுகிறவரைச் சட்டம் காக்கிறது, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு அதற்காகவே வந்தது.

துக்க வீடுகளில் என்னிடம் கேட்பார்கள்: “ஃபாதர், நாங்க ஏதாவது செஞ்சிருக்கலாமா?” அந்தக் கேள்வியோடு இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இந்த மறையுரை உங்கள்மேல் பழி சுமத்துவதற்காக அன்று. எல்லாம் சரியாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை. உங்கள் அன்புக்குரியவர் இறைவனின் கையில் இருக்கிறார்.

திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த செவிலியர்கள் மண்டபத்தில் பொம்மைகளை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். அன்பியம் அன்பியமாக வாருங்கள். கைக்குழந்தைக்குச் செய்யும் முறை வேறு, அதையும் காட்டுவார்கள். மூட்டுவலியால் முழந்தாளிட முடியாதவர்களும் வாருங்கள். 108-இல் தெருவும் அடையாளமும் தெளிவாகச் சொல்ல ஒருவர் வேண்டும், வாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்ட இன்னொருவர் வேண்டும்.