நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு ஒரு முஃமின்



சென்ற ஜும்ஆ முடிந்து, ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி காத்து நின்றார். "ஹஜ்ரத், இன்டர்வியூ முடிஞ்சு நாலு நாளாச்சு. தூக்கம் வரல" என்றார். வேலை கிடைக்குமோ என்ற கவலைதானே என்று நினைத்து, "ஸப்ரு செய்யுங்க, துஆ கேளுங்க" என்று சொல்லி நகரப் பார்த்தேன். விஷயம் அதுவல்ல. எட்டு மாத அனுபவத்தை இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டார். இப்போது கம்பெனியில் சான்றிதழ் கேட்கிறார்கள். போலியாகத் தயாரித்துத் தர ஆள் இருக்கிறது. "செய்யலாமா ஹஜ்ரத்? அத்தாவுக்கு உடம்பு முடியல, தங்கச்சி நிக்காஹ் வேற நிக்குது."

ஹராம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அது அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் தூக்கம் வரவில்லை.

அவரை உட்கார வைத்து மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சம்பவத்தைச் சொன்னேன். ஸூரத்துல் கஸஸில் வருகிறது. மிஸ்ரை விட்டுத் தப்பி மத்யனுக்கு வருகிறார்கள். கையில் காசில்லை, தெரிந்தவர் இல்லை. இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு, கூலி கேட்காமல் நிழலுக்குப் போய், "ரப்பே, நீ எந்த நன்மையை இறக்கினாலும் நான் அதற்குத் தேவையுள்ளவன்" என்ற கருத்தில் கையேந்தினார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் வெட்கத்தோடு நடந்து வந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறார். (அந்தத் தந்தை ஷுஐப் நபிதானா என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இன்னொரு நாளைக்கு.)

போனதும் மூஸா நபி என்ன செய்தார்கள்? தம் கதை முழுவதையும் சொன்னார்கள். ஊரில் தேடப்படுகிறவன் என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? மறைக்கவில்லை. அதன் பிறகுதான் அந்தப் பெண், "இவரை வேலைக்கு வையுங்கள்; வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர்" என்று தந்தையிடம் சொல்கிறார். எட்டு வருட ஒப்பந்தம். பத்தாக நிறைவு செய்தால் அது அவர் விருப்பம். உண்மை முதலில், வேலை பிறகு. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

இன்டர்வியூ முடிந்து வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "அந்தக் கேள்விக்கு இப்படிச் சொல்லியிருந்தால்..." என்று புழுங்குகிறோம். இந்த 'இருந்தால்' ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. மறந்துபோன பதில், தடுமாறிய ஆங்கிலம், எல்லாம் கத்ர்; விட்டுவிடுங்கள். ஆனால் பொய் அப்படிப்பட்டதல்ல. அது முடிந்துபோகவில்லை, அவர்கள் மேஜைமேல் இன்னும் கிடக்கிறது. அதைத் திருத்த உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதே ஹதீஸில், பலன் தருவதற்கு முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே என்றும் வருகிறது.

சனிக்கிழமை இரவு அந்தத் தம்பி மெயில் அனுப்பிவிட்டார். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, அனுபவம் எட்டு மாதம்தான், தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும், எனக்குத் தெரிந்த வேலை இவை. நாலே வரி. அனுப்பும்போது கை நடுங்கியதாம்.

இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் தூங்குகிறாராம். இந்த ஸஃப்களில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஹலாலான ரிஸ்குக்காக, அவருடைய அத்தாவின் ஷிஃபாவுக்காக, எல்லோரும் துஆ செய்யுங்கள். ஆமீன்.