அடித்தலும் அழித்தலும்

என் கையிலிருந்த பழைய காமிராவைப் பார்த்துவிட்டு, கவிஞரான நண்பர் ஒருவர் 'அடுத்தது என்ன, பனை ஓலையும் எழுத்தாணியுமா?' என்று கேட்டார். பதினாலு வருஷங்கள் டிஜிட்டல் காமிராவில் படம் எடுத்துவிட்டு 2022-இல் நான் மறுபடியும் பிலிமுக்குத் திரும்பியதைப் பற்றிய கேலி அது. அன்று நான் சொன்ன பதில் மோசமான பதில். பிலிமில் ஒரு 'ஆன்மா' இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். கவிதையைப் பற்றி யாராவது இப்படிப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். ஆன்மா, உயிர்ப்பு, ஜீவன் போன்ற சொற்களெல்லாம் யோசனை மேற்கொண்டு நகராமலிருக்க நாம் கொடுக்கும் முட்டுக்கட்டைகள். அந்தப் பதிலை வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பிலிமுக்காகப் பொதுவாகச் சொல்லப்படும் வாதங்களை முதலில் அப்புறப்படுத்திவிட வேண்டும். பிலிம் உண்மையானது, டிஜிட்டல் பொய் சொல்ல வசதியானது என்பது ஒன்று. 1937-இல் மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர், ரகசியப் போலீஸின் தலைவராயிருந்த நிகோலாய் யெஷோவ். 1940-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அந்தப் படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருந்தது. வெள்ளி உப்பும் ஜெலட்டினும் அந்தப் பொய்க்குத் தடையாக இருக்கவில்லை. முப்பத்தாறே படங்கள் என்ற எல்லை கண்ணுக்கு ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது என்பது இன்னொரு வாதம். அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவப்படாத பிலிம் ரோல்கள் மாத்திரம் ஏறத்தாழ 2,500 இருந்தன. தான் எடுத்ததைத் தானே பார்க்காமல் போய்விட்ட மனிதர் அவர். அளவின்மை டிஜிட்டல் கொண்டுவந்த வியாதி இல்லை. முப்பத்தாறு முடிந்ததும் அடுத்த ரோலைப் போட்டுக்கொள்ளலாம், பணம் இருந்தால். பணத்தட்டுப்பாட்டை நற்குணம் என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இனி, பிலிம் கைவினை, டிஜிட்டல் யந்திரம் என்ற பேச்சு. பிலிமும் ஆலையில் வந்ததுதான். ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து விற்ற அரசாங்கத் தொழிற்சாலை. இன்று அது மூடிக் கிடக்கிறது. முதல் டிஜிட்டல் காமிராவை 1975-இல் செய்து காட்டிய ஸ்டீவன் ஸாஸன், பிலிமையே நம்பி வாழ்ந்த கோடக் கம்பெனியின் எஞ்சினியர். 2012-இல் அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. ஒரு தொழில் இன்னொரு தொழிலைத் தின்ற கதை இது. இதில் பாவ புண்ணியம் தேடுவதற்கில்லை. ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பிலிமின் பரிசுத்தத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

இவ்வளவையும் தள்ளிய பிறகு என்னிடம் மிஞ்சுவது வாதமில்லை, ஒரு குற்ற உணர்வு.

2019-இல் அப்பா இறந்தார். அதற்கு முந்திய நாலு மாதங்கள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக அவரைப் படம் எடுத்தேன். எண்ணூறுக்கு மேல் இருக்கும். இரவில் அவர் தூங்கிய பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, காமிராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்துக்கொண்டிருப்பேன். வாய் கோணியிருப்பது, கண் பாதி சொருகியிருப்பது, வலியில் முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டிருப்பது. கட்டைவிரலின் ஒரு அழுத்தத்தில் அந்த முகம் போய்விடும். கடைசியில் நாற்பத்தொன்று மிஞ்சின. நாற்பத்தொன்றிலும் அப்பா சாந்தமாக இருக்கிறார்.

முதல் வருஷத் திதிக்கு வந்திருந்த அக்கா அந்தப் படங்களைப் பார்த்தாள். கடைசி நாட்களில் இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள். முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு, 'ஏன்டா, ஒரு ஞாயித்துக்கிழமை உன்னைப் பார்த்துக் கையை வீசித் திட்டினாரே, அப்போகூட எடுத்தியே, அது எங்கே?' என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'இவர் யாரோ மாதிரி இருக்கார்' என்றாள்.

அன்று அப்பா எதற்காகக் கையை வீசினார்? வலியிலா, அல்லது 'போதும், எடுக்காதே' என்றா? இரண்டாவதானால், நான் அழித்தது ஒருவிதத்தில் கீழ்ப்படிதல். முதலாவதானால், அவருடைய வலிக்கு இருந்த ஒரே சாட்சியை என் சௌகரியத்துக்காகக் கலைத்தவன் நான். அந்த முகத்தைப் பார்த்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். அது இல்லை. தவறு செய்தேனா என்று தெரிந்துகொள்ளும் வழியையும் அந்தத் தவறே அடைத்துவிட்டது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. நோயில் சிதைந்த முகத்தை அழிப்பது கருணை, ஒரு மனிதனின் கௌரவத்தைக் காப்பது. இதை நான் பல மாதங்கள் நம்பினேன். ஆனால் காட்டாமல் இருப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. காட்டாமல் இருந்திருந்தால் அது அப்பாவுக்குச் செய்த கருணை. அழித்தது எனக்கு நானே செய்துகொண்டது. அந்த முகத்தோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குத் தைரியமில்லை.

அக்கா ஊருக்குப் போன பிறகு அப்பாவின் பீரோவைக் காலி செய்தேன். அவருடைய பென்டாக்ஸ் கே1000 அதில் இருந்தது. 1976 முதல் 1997 வரை செய்யப்பட்ட மாடல். ஒளியளவைக் காட்டும் முள்ளுக்கு மட்டும் ஒரு சிறு பாட்டரி, மற்றதெல்லாம் வில்லும் பல்சக்கரமும். பள்ளிக்கூட நாட்களில் நான் படம் எடுக்கப் பழகியது அதில்தான். கூடவே ஸ்டூடியோ கவர்களில் நெகடிவ்கள். 1994-இல் கன்னியாகுமரி போனபோது எடுத்த ரோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பயணத்தின் ஆல்பம் எனக்கு மனப்பாடம். கடலுக்கு முன்னால் அம்மா சிரித்துக்கொண்டு நிற்பாள். நெகடிவில் அது 15-ஆம் எண். அதை ஒட்டி 14-ஆம் எண்ணில் அதே இடம், அதே பாறை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், ஒரு கை அப்பாவின் பக்கம் 'வேண்டாம்' என்று நீண்டிருக்கிறது. அவர்களுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. ஏழு வயதில் நானும் அங்கே எங்கோ நின்றிருக்கிறேன், தெரியாமல்.

அப்பாவும் தேர்ந்தெடுத்தவர்தான். 14-ஐ அவர் பிரிண்ட் போடவில்லை. ஆனால் 14, 15-ஐ விட்டுப் பிரியாமல் இருபத்தைந்து வருஷம் பீரோவில் கிடந்திருக்கிறது. அதைப் போக்க வேண்டுமானால் கத்தரிக்கோலை எடுத்து வெட்டியிருக்க வேண்டும். வெட்டினாலும் 13-க்குப் பின் 15 வருவது வெட்டியதைச் சொல்லிவிடும்.

நான் வேலை பார்ப்பது பாங்கில். எங்கள் கிளையின் பழைய ரிக்கார்டு அறையில் கையால் எழுதிய லெட்ஜர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒரு தொகை தப்பாக விழுந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சரியான தொகை, ஓரத்தில் அதிகாரியின் சுருக்கொப்பம். கோட்டுக்கு அடியில் தப்பு தெளிவாக வாசிக்கக் கிடைக்கும். அடிக்கலாம், சுரண்டக் கூடாது. சுரண்டிய இடம், அதற்குக் கீழே இருந்தது எவ்வளவு நிரபராதமான பிழையானாலும், சந்தேகத்துக்குரியதாகிவிடும். தவறு செய்வதைக் கணக்குப் புத்தகம் மன்னிக்கிறது. தவறே நடக்காத மாதிரிக் காட்டுவதை அது மன்னிப்பதில்லை.

இங்கே என் வாதம் எனக்கே எதிராகத் திரும்புவதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இன்று லெட்ஜர்கள் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டரும் நான் போட்ட தப்பான பதிவை அழிக்க விடுவதில்லை. ஒரு எதிர்ப் பதிவு போட்டு நேர் செய்யத்தான் விடும். இரண்டும், போட்டவர் எண்ணோடும் நேரத்தோடும், வாடிக்கையாளரின் கணக்கில் நின்றுவிடும். ஆக, 'டிஜிட்டல்' என்பதில் குற்றம் எதுவுமில்லை. வெள்ளியில் இல்லாத புனிதம் எண்ணிலும் இல்லை. லெட்ஜரானாலும் கம்ப்யூட்டரானாலும் பின்னால் நிற்பது ஒரு ஏற்பாடு, அழிக்க மாட்டேன் என்று நாம் நமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். காமிராவில் அந்த ஒப்பந்தம் இல்லை. குப்பைத்தொட்டிப் படம் போட்ட ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது.

அப்படியானால் டிஜிட்டல் காமிராவையே வைத்துக்கொண்டு, எதையும் அழிப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டால் போதாதா? போதும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் தாங்கவில்லை. எடுத்த மறுவினாடி திரையில் முகம் வந்து நிற்கிறது. எடுக்கப்பட்டவரும் எட்டிப் பார்த்து 'ஐயோ, அதை எடுத்துடுங்க' என்கிறார். என் கண் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டிருக்கிறது. கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போகிறது. பாங்கின் பெட்டக அறையைத் திறக்க இரண்டு பேரிடம் இரண்டு சாவிகள் வேண்டும். அந்த இரண்டு பேரும் திருடர்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இல்லை அது. எந்த நேர்மையும் சோர்ந்துபோகும் நாழிகை ஒன்று உண்டு என்று அறிந்து செய்தது. பிலிம் எனக்கு அந்த இரண்டாவது சாவி. சுயபலம் உள்ளவர்களுக்கு அது தேவைப்படாது. அவர்களைப் பிலிமுக்குத் திரும்பச் சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

ஒளி பட்ட பிலிமில் உடனே எதுவும் தெரியாது. ஒளி பட்ட ஒவ்வொரு வெள்ளி உப்புத் துகளிலும் ஒரு சில வெள்ளி அணுக்கள் மாத்திரம் திரண்டிருக்கும். மருந்தில் முக்கி எடுக்கும்வரை அதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. காரியம் முடிந்துவிட்டது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்த இடைவெளிதான் டிஜிட்டலில் நான் இழந்தது. ரோல் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகிறது. மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 30-க்குக் குறைவதில்லை. ஒரு வாளியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, மருந்து பாட்டில்களை அதில் நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். கழுவி முடித்து ஈரத்தோடு பிலிமைத் தொங்கவிடும்போது, நன்றாக வந்ததும் பாழானதும் ஒரே நாடாவில் தொங்குகின்றன. அதற்குள் எனக்கு அந்த முகங்களின் மேல் இருந்த ஆசையும் கூச்சமும் கொஞ்சம் ஆறிப்போயிருக்கின்றன. சில சமயம், எடுக்கும்போது பாழ் என்று நினைத்தது பாழில்லை என்று தெரிகிறது. பெரும்பாலும் பாழ்தான். அதையும் வைத்துக்கொள்கிறேன்.

நண்பரின் கேலிக்கு இப்போது பதில் சொல்லலாம். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அடித்துவிட்டு மேலே எழுதலாம், அவ்வளவுதான். அவர் அறிந்து சொன்னாரோ இல்லையோ, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். அவரும் இப்போது கம்ப்யூட்டரில்தான் கவிதை எழுதுகிறார். அவருடைய பழைய நோட்டுகளில் ஒரு வரிக்கு மேல் நாலு வரி அடிபட்டுக் கிடக்கும். எந்தச் சொல்லைக் கைவிட்டு எந்தச் சொல்லுக்கு வந்தார் என்று அவற்றில் பார்த்திருக்கிறேன். இப்போது வரும் பிரதிகள் சுத்தமாக இருக்கின்றன.

போன மாதம் அம்மாவை எடுத்தேன். எழுபது வயது. எட்டுப் படங்கள். ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னொன்றில் எழுந்திருக்க முடியாமல் நாற்காலிக் கையைப் பற்றியிருக்கிறாள். 'நல்லா வந்திருக்காடா?' என்று கேட்டாள். 'இரண்டு வந்திருக்கு' என்றேன். அந்த இரண்டைத்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மற்ற ஆறும் அவற்றை ஒட்டியே கவருக்குள் இருக்கின்றன. கவர் மேல் தேதியைப் பென்சிலில் எழுதி, அதை அப்பாவின் கவர்களோடு வைத்துவிட்டேன்.