கழுவிய அழுக்கு எங்கே போகிறது?

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முற்றம் சரிவானது. கார் நிறுத்தத் தோதான சமதளம் பலாமரத்தடியில் மட்டும்தான் உண்டு. ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடியதும், ஒரு ஞாயிறு காலையில், அந்த இடத்தில் என் பழைய கொரோலாவின் அடியில் மல்லாந்து படுக்கிறேன். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்குக் கீழே போகக்கூடாது. அதனால் ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்த பிறகே படுப்பேன். 14 மில்லிமீற்றர் ஸ்பெனரால் சம்ப் நட்டைத் தளர்த்தி, கடைசிப் புரிகளைக் கையால் சுற்றி எடுக்கிறேன். எஞ்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தியிருப்பதால் ஒயில் இளஞ்சூடாக இருக்கும். விரல்களின் மேல் வழிந்து, கறுப்பாக, பேசினில் விழும்.

அந்த மூன்று லீற்றர் கறுப்பைப் பார்த்தபடி இருக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. அழுக்கு நீங்குவது என்றால் என்ன? நீங்கிய அழுக்கு எங்கே போகிறது?

முப்பது வருடம் பாடசாலையில் தமிழும் சைவநெறியும் படிப்பித்தேன். ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலத்தை, உயிரின் மூன்று அழுக்குகளை, கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளைகள் அதைப் பரீட்சையில் ஒரு வரியில் எழுதிப் புள்ளி வாங்கினார்கள். நானும் அந்த ஒரு வரியோடு நிறைவடைந்தேன். பேசின் ஒயிலுக்கு முன் குந்தியிருந்தபோதுதான் அந்தப் பாடம் எனக்குப் புரியத் தொடங்கியது.

இந்த வேலையை நான் விரும்பித் தொடங்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. இருந்த காரையே காப்பாற்ற வேண்டிய நிலை. 2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். குறியீட்டோடு வரிசையில் நின்ற நாட்களில் ஒயில் விலையும் சேவிஸ் கூலியும் என் ஓய்வூதியத்துக்கு எட்டாமல் போயின. அப்போதுதான் அப்பாவின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அப்பா ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இஸ்டோரு வேலைக்காரர். தேயிலை அரைக்கும் ரோலர்களுக்கு ஒயில் விடுவதும் துடைப்பதும் அவர் பொறுப்பு. வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் கொட்டன் வேஸ்டால் கையைத் துடைத்து, சாம்பலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிறகு சாமி படத்துக்கு முன் நின்று விபூதி பூசுவார். வெள்ளை நீறு படிந்த விரல்களின் நக இடுக்கில் கறுப்பு அப்படியே இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. "கை அழுக்கா இருக்குப்பா" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒயில் கறுத்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லடா தம்பி. மெஷின் அழுக்க அது வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது. எஞ்ஜினுக்குள் பெற்றோல் எரியும்போது கரித்தூள் உண்டாகிறது. உலோகம் தேய்ந்து நுண்துகள் உதிர்கிறது. ஒயிலில் இரண்டு வகை மருந்து கலந்திருக்கிறார்கள். ஒன்று உலோகத்தில் ஒட்டிய அழுக்கைக் கழற்றுகிறது. மற்றது கழன்ற துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடாமல், தனித்தனியே பிடித்து ஒயிலுக்குள்ளேயே மிதக்கவிடுகிறது. பெரிய துகளை ஒயில் பில்டரின் மடிப்புக் காகிதம் தடுத்துக்கொள்கிறது. கரித்தூள் அந்தக் காகிதத்தின் கண்களை விட நுண்மையானது, அதனால் பில்டரைத் தாண்டிவிடும். அதைச் சுமக்கிற வேலை ஒயிலுக்கே. உலோகம் சுத்தமாக இருப்பதற்காக ஒயில் கறுக்கிறது.

பில்டருக்குள் இன்னொரு ஏற்பாடும் உண்டு. காகிதம் முழுவதும் அடைபட்டுவிட்டால் சிறிய வால்வு ஒன்று திறந்து, வடிகட்டாத ஒயிலையே எஞ்ஜினுக்குள் அனுப்பும். அழுக்கு ஒயில் எஞ்ஜினைத் தேய்க்கும்தான். ஆனால் ஒயிலே போகாவிட்டால் சில நிமிடங்களில் எஞ்ஜின் இறுகிப்போய்விடும்.

அழுக்கைச் சுமக்கும் இந்த ஒயில்போல, சைவ சித்தாந்தத்தில் திரோதான சக்தி என்று ஒன்று சொல்வோம். அது சிவனுடைய அருள்தான். உயிர் பக்குவப்படும்வரை தன்னை மறைத்துக்கொண்டு, மலங்களின் நடுவிலேயே நின்று, அவற்றைத் தொழிற்படுத்தி முதிரச் செய்கிறது. மலத்தோடு நின்று வேலை செய்வதால் அதற்கும் மலம் என்றே பெயர் வைத்து, மலங்களை ஐந்தாக விரிக்கும்போது ஐந்தாம் மலமாக எண்ணினார்கள். படிப்பித்த காலத்தில் இந்த இடம் எனக்கு நெருடலாகவே இருந்தது. அருளுக்கு எப்படி அழுக்கு என்று பெயர் வரும்? இப்போது நெருடல் இல்லை. அழுக்குக்குள் இறங்கி வேலை செய்வதற்கு அழுக்கின் பெயர் வந்துவிடுகிறது. ஒயிலுக்கு வந்தது. அப்பாவின் விரலுக்கும் வந்தது, வைத்தவன் நான்.

இந்த இடத்தில் என் சமயத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரில் ஓர் உவமை உண்டு. மாயையும் மலம்தானே, மலத்தைக் கொண்டு மலத்தை எப்படி நீக்குவது என்பது கேள்வி. துணி வெளுப்பவர் சாணியையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றி, அவற்றோடு பழைய அழுக்கையும் சேர்த்துப் போக்குவதில்லையா, அப்படித்தான் இறைவனும் செய்கிறான் என்பது விடை. இறைவனின் தொழிலுக்கு வெளுப்பவரின் தொழிலை ஒப்பாகச் சொன்ன பெரிய மனம் அது. அந்த நூலைப் பூசித்த ஊர்களோ வெளுப்பவரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தின. உவமையைப் பூசையறைக்குள் வைத்துக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்தினோம். என் சமயத்தில் என்னை வருத்துவது இதுதான்.

கண்டியிலும் இதே கதை உண்டு. நகரத்தைக் கூட்டி அள்ளுவதற்கென்று கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தவர்கள் மஹியாவையில் வாழ்கிறார்கள். அங்கிருந்து என் வகுப்புக்கு வந்த சில பிள்ளைகள் முகவரி கேட்டால் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்வார்கள். நான் தெரியாதவன்போல எழுதிக்கொள்வேன். அவர்களுடைய வெட்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அந்த வெட்கம் அவர்களுடையதாக இருந்திருக்கவே கூடாது என்று ஒருநாளும் வகுப்பில் சொல்லவில்லை. மாலையில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தூய்மை பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, காலையில் அந்தத் தெருவைக் கூட்டியவர் யார் என்று நினைத்ததும் இல்லை.

என் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். முதல் தடவை ஒயில் மாற்றியபோது பழைய ஒயிலை என்ன செய்வதென்று நான் யோசித்திருக்கவில்லை. பேசின் நிறைய இருந்தது. மழை வரும்போல் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் போகும் கானில் ஊற்றிவிட்டேன். தண்ணீர் அடித்துப் பேசினைக் கழுவி, கையைக் கழுவி, குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டேன். மனம் நிறைவாக இருந்தது. என் கையால் ஒரு வேலை செய்து முடித்த நிறைவு.

மறுநாள் காலை கீழ்வீட்டு அய்யே வந்து கூப்பிட்டார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்களவர். கான் போகும் ஓரத்தில் கங்குன் பாத்தி போட்டிருந்தார். பாத்தி முழுவதும் கறுப்புப் படலம். வானவில் நிறங்கள் அதன் மேல் மினுங்கின. "சேர், மேலே ஏதாவது ஒயில் கொட்டுப்பட்டதா?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல எனக்குச் சில கணங்கள் பிடித்தன. அவர் ஒன்றும் ஏசவில்லை. மண்வெட்டி எடுத்துவந்தார். இருவரும் சேர்ந்து கறுத்த மண்ணைச் சாக்கில் அள்ளினோம். படலத்தைப் பழைய துணிகளால் ஒற்றி எடுத்தோம். துணிகள் கறுத்தன, கைகளும் கறுத்தன. கான் முழுவதும் சுத்தமாகவில்லை.

அள்ளிக்கொண்டிருக்கும்போது அவர் சூளபந்தகத் தேரரின் கதையைச் சொன்னார். ஒரு பாடலைக்கூட மனனம் செய்ய முடியாத அந்தப் பிக்குவிடம் புத்தர் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீக்குதல் என்று சொல்லிக்கொண்டே கையால் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காகியது. அதைப் பார்த்து அவர் நிலையாமையை உணர்ந்து அரஹத் ஆனார் என்பது கதை. கதையை முடித்துவிட்டு அய்யே கையிலிருந்த கந்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணிக்கு வந்த அழுக்கு எங்கிருந்து போனது, பார்த்தீங்களா சேர்?" என்றார்.

அன்று மாலை கானின் போக்கோடு நடந்து போனேன். எங்கள் கான் பிங்கா ஓயாவில் விழுகிறது. பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையிலேயே மகாவலியில் கலக்கிறது. சற்று மேலே, ஆறு வரும் வழியில், கெட்டம்பே இருக்கிறது. கண்டி எசல பெரஹெரவின் முடிவில் நான்கு தேவாலயங்களும் நீர்வெட்டுச் சடங்கு செய்து, குடங்களில் புனித நீர் எடுப்பது அங்கேதான். எங்களுக்குக் கீழே பொல்கொல்லை அணை. 1976 முதல் அங்கிருந்து ஆற்று நீரின் ஒரு பகுதி சுரங்க வழியாக உக்குவெலைக்குப் போய், அம்பன் கங்கையோடு சேர்ந்து வடமத்தியின் வயல்களுக்குப் பாய்கிறது. மீதி விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கடந்து கிழக்கே ஓடுகிறது. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கடலில் சேரும் இந்த ஆற்றின் ஒரு கிளைக்கரையில் வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் இருக்கிறது. திருவிழாவில் அங்கே தீர்த்தமாடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பேசினிலிருந்து வெருகல் தீர்த்தம் வரைக்கும் ஒரே தண்ணீர்தான். ஒரு கார் ஒரு தடவை மாற்றும் ஒயில் பத்து இலட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்கிறது. அன்றிரவு சாமி அறையில் என்னால் நிற்க முடியவில்லை. குளித்துத் திருநீறு பூசி நான் பெற்ற தூய்மை, கீழே இருந்த எல்லோருக்கும் என் அழுக்கைப் பங்கு போட்டுக் கிடைத்தது.

அழுக்கு அழிவதில்லை. மெய்கண்டார் மரபு ஆணவத்தைப் பற்றி அதையே சொல்கிறது. முத்தி நிலையிலும் ஆணவம் இல்லாமல் போவதில்லை. சூரியன் முன் இருள்போல அதன் வலி அடங்கிக் கிடக்கிறது. அழிக்க முடியாததை அடக்கி வைக்கத்தான் முடியும், அடக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தாக வேண்டும். இதை வகுப்பில் வாயால் சொன்ன நான் கான் ஓரத்தில் மறந்துவிட்டேன். கோயில் விளக்கில் விடும் நல்லெண்ணெய் எரிந்து ஒளியாகிவிடுகிறது. எஞ்ஜின் ஒயில் அப்படிப் போகாது. ஊற்றிய அளவுக்கு ஏறத்தாழ அப்படியே திரும்பி வந்து, என்னை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டபடி பேசினில் கிடக்கிறது.

அழுக்கின் பொறுப்பைத் தாமே ஏற்ற ஒருவரை எங்களுக்குத் தெரியும். 1901இல் கல்கத்தாக் காங்கிரஸில் கழிவறைகள் நாறிக் கிடந்தபோது தொண்டர்கள் அது தோட்டியின் வேலை என்று விலகினார்கள். காந்தி துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். 1927இல் அவர் கண்டிக்கும் வந்திருக்கிறார். அவரைப் போற்றி நாங்கள் பாடசாலைகளில் எத்தனையோ கூட்டம் வைத்தோம். துடைப்பத்தை மட்டும் வேறொருவர் கையிலேயே விட்டுவிட்டோம்.

எல்லோரும் தங்கள் காரைத் தாங்களே பழுது பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேவிஸ் ஸ்டேஷனில் குழிக்குள் நின்று நாள் முழுவதும் அந்த ஒயிலை முழங்கை வரை வாங்கும் பையன்களுக்கு அது சோறு. பழைய ஒயில் நெடுநாள் தோலில் பட்டால் கேடு. நான் கையுறை போடுகிறேன், அவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவும் தொடங்கியிருக்கிறேன். ஒருமுறையாவது தன் அழுக்கைத் தன் கையில் வாங்கிப் பார்த்தவன், அதைத் தினமும் வாங்குகிறவரைத் தாழ்வாகப் பார்க்கமாட்டான் என்பது என் நம்பிக்கை.

இப்போது வேலையின் கடைசிப் பகுதியே எனக்கு முக்கியமானது. புது பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் புது ஒயில் பூசி, கையாலேயே இறுக்குகிறேன். சம்ப் நட்டுக்குப் புது வொஷர். ஒயில் ஊற்றி, ஓடவிட்டு, டிப்ஸ்டிக் பார்க்கிறேன். பழைய பில்டரைக் கவிழ்த்து இரவு முழுக்க வடியவிடுகிறேன். எல்லாவற்றையும் புது ஒயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஒயிலைச் சேர்த்து அனுப்பும் சேவிஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அது எங்கே போகிறது என்று அங்கே கேட்டும் தெரிந்துகொள்கிறேன். அதன் பிறகுதான் குளித்து விளக்கேற்றுவது. கறையான் அண்டாமலிருக்க வேலிக்கட்டைக்குப் பூசத் தா என்று சிலர் கேட்பார்கள். மழை அதையும் கழுவிக் கானுக்கே கொண்டுபோகும் என்று சொல்லி மறுத்துவிடுகிறேன்.

விரல் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு இருந்துவிடுகிறது. அதோடுதான் விபூதி பூசுகிறேன், அப்பாவைப்போல.

காரில்லாத வீட்டிலும் அழுக்கு உண்டு. சமையலறைத் தண்ணீர், குப்பைப் பை, மலக்குழி, வாய்ச்சொல் எல்லாமே வேலியைத் தாண்டிப் போகின்றன. ஒருநாள் அவற்றின் பின்னால் நடந்துபோய், யார் பாத்தியில், யார் கையில் விழுகின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு கும்பிடுங்கள்.