சிருட்டியும் கூர்ப்பும்

நெடுங்கேணியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள சைவ ஆசிரியர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆசிரியர் தொகை குறைந்த பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பிப்பவரே சைவசமயத்தையும் கற்பிக்க நேர்வதுண்டு. முற்பகலிலே டார்வின் பெயரைக் கரும்பலகையில் எழுதிய கை பிற்பகலிலே பஞ்சகிருத்தியத்தை எழுதும். அப்பொழுது மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், மனிதன் குரங்கின் வழிவந்தவன் எனின், சிவபெருமான் படைத்தது யாரை?" என வினவுவானாயின், யாது விடை கூறுவது?

நாம் கேட்டறிந்தவரையில் இரண்டு விடைகள் வழங்குகின்றன. "அது வெறும் ஊகம், பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடு" என்பது ஒன்று. "டார்வின் சொன்னதை மாணிக்கவாசக சுவாமிகள் ஆயிரம் ஆண்டின் முன்னரே சொல்லிவிட்டார்" என்பது மற்றையது. முதலாவது, மனத்தில் ஒன்றும் விடைத்தாளில் ஒன்றுமாக ஒழுகப் பிள்ளைக்குக் கற்பிக்கும். இரண்டாவது செவிக்கு இனியது, பிரசங்க மேடைகளிலே கரகோஷமும் பெறுவது, ஆயினும் உண்மையன்று. சமயப்பற்றின் கோலத்தோடு வருதலால் அதுவே மிக்க கேடு செய்வதென்பது நம் கருத்து.

முதற்கண், இவ்வழக்கு எவருடைய வழக்கு என்பதைத் தெளிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலே அயர்லாந்து தேசத்து ஆயராகிய அஷர் என்பவர், விவிலிய நூலிற் கூறிய வமிசங்களைக் கணக்கிட்டு, உலகம் கிறித்துவுக்கு முன் 4004ஆம் ஆண்டிற் படைக்கப்பட்டதென முடிவு செய்தார். சிருட்டி ஒருமுறை நிகழ்ந்தது. ஆறு நாளில் முடிந்தது. உயிரினம் ஒவ்வொன்றும் தனித்தனியே சமைக்கப்பட்டது என்று அவ்வாறே நம்பினவர்களுக்கு, 1859இல் வெளிவந்த டார்வின் நூல் பேரிடியாயிற்று. அமெரிக்காவின் டெனசி மாநிலத்திலே, கூர்ப்பைக் கற்பித்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர் 1925இல் நியாயத்தலத்திலே நிறுத்தப்பட்டார். 2005இலும் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்னும் ஊர்ப் பாடசாலைகளின் பொருட்டு இவ்வழக்கே வேறொரு பெயரோடு மன்றேறிற்று. உலகத்து வயதை ஆறாயிரம் ஆண்டுக்குள் அடக்கவேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு என்றும் இருந்ததில்லை. பிறர் வீட்டு வழக்கிலே நாம் ஏன் பிரதிவாதியாய்ப் போய் நிற்றல் வேண்டும்?

யாழ்ப்பாணத்துச் சரித்திரத்திலே இதற்கோர் எச்சரிக்கையும் உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் அங்கே வானநூலை ஊக்கத்தோடு கற்பித்தனர். மேருமலையும் ஏழுகடலுமாகிய புராண பூகோளம் பொய்யென்று காட்டினால் சைவமும் உடன்வீழும் என்பது அவர் எண்ணம். பூகோளம் வீழ்ந்தது, சைவம் வீழவில்லை. ஆனால், விஞ்ஞானமாகிய அவ்வாளே ஒரு தலைமுறைக்குள் அவர்தம் வேதத்தின் முதல் அதிகாரத்தின்மேல் விழுந்தது. தன் சமயத்துக்கு விஞ்ஞானத்தைச் சாட்சி அழைப்பவன், அச்சாட்சி நாளை மாற்றிச் சொன்னாலும் ஏற்கக் கடவன். மாணிக்கவாசகரை டார்வினுக்கு முன்னோராக்கும் அன்பர்கள் இதனைச் சிந்தித்தார்களில்லை.

இனி, சித்தாந்தம் சிருட்டி என்று எதனைக் கூறுகின்றது? பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிரை எவரும் படைத்ததில்லை, மாயையும் படைக்கப்பட்டதன்று. சூனியத்திலிருந்து ஒன்றை உண்டாக்குதல் என்பது நம் நூல்களுக்கு உடன்பாடன்று. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். உயிர்களுக்குத் தனு, கரண, புவன, போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்தலே படைத்தல் எனப்படும். அவ்வுடல்கள் ஒரு கணத்திலே தோன்றினவோ, ஒன்றினொன்று திரிந்து பலகோடி ஆண்டிலே தோன்றினவோ என்பதைச் சிவஞானபோதம் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் அதற்கில்லை. குயவன் உளன் என்பார்க்கு, மண் எத்தனை நாள் பிசையப்பட்டது என்பதிலே வழக்கு இல்லை.

புராணங்களிலே பிரமன் படைத்த கதைகள் உளவே எனின், உள. அவற்றைச் சரித்திரமாகவே கொள்ளும் அன்பர்களோடு நாம் இவ்விடத்தில் மாறுபடுகின்றோம். வியர்வையிலே பேன் முதலியன பிறக்குமென்று நால்வகைத் தோற்றத்துள் ஒன்றாக நூல்கள் கூறியதும் அக்காலத்து உலகவழக்கைத் தழுவியதே. பேனும் முட்டையிலிருந்தே பிறக்கின்றது. இதனை ஒப்புவதால் முப்பொருளுண்மைக்கு யாதொரு குறைவும் இல்லை.

ஓர் இடைக்குறிப்பு: தமிழ்நாட்டார் பரிணாமம் என்பதை நம் ஈழத்துப் பாடநூல்கள் கூர்ப்பு என்று வழங்குவது நன்றேயாம். நம் சாத்திரங்களிலே பரிணாமம் என்பது வேறொரு வழக்குக்கு உரிய சொல். உமாபதி சிவாசாரியார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலே நிமித்தகாரண பரிணாமவாதி மறுக்கப்படுகின்றான். பெயரொற்றுமை கண்டு அவனை டார்வினாக்கி, "நம் ஆசாரியர் அன்றே மறுத்தார்" என்று எழுதுவாரும் உளராகலாம்.

சிவபுராணத்து வரிசைக்கு வருவோம். அது புல்லிலே தொடங்குவது மெய். ஆயின், அங்கே புழுவுக்குப் பின் மரம் வரும். விலங்குக்குப் பின்னரே பறவையும் பாம்பும் வரும். மனிதனுக்கு முன்னே கல் நிற்கும். அவனுக்கு அப்பாலும் பேய், அசுரர், முனிவர், தேவர் எனத் தொடரும். இதனை வமிசாவளியாகப் படிப்பவர் பாம்பினின்று கல்லும், மனிதரினின்று பேயும் பிறந்தன என ஒப்பவேண்டிவரும். சுவாமிகள் உடல்களின் வமிசத்தைக் கூறவந்தவரல்லர். ஓருயிர் பிறவிதோறும் பட்ட இளைப்பை இறைவன் திருமுன் முறையிடுகின்றார். ஆண்டு வழிநடப்பது உயிர்; டார்வின் நூலிலே வழிவழி வருவது உடல். அவ்வுயிர் வினைக்கேற்ப ஏறவும் இறங்கவும் கூடும். கூர்ப்பிலோ ஏற்றமும் இறக்கமும் இல்லை, கிளைத்தலே உண்டு. தொல்காப்பிய மரபியலிலே ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்ததும் வகைப்படுத்தலேயன்றி, ஒன்றினின்று ஒன்று தோன்றியமை கூறியதன்று.

கிளைத்தல் என்பதை விளக்க வன்னி ஆசிரியர் தூரம் போகவேண்டியதில்லை. நம் காட்டோரங்களிலே, உச்சிமயிர் தொப்பிபோற் சுழன்று கிடக்கும் செங்குரங்கு இலங்கையிலன்றி வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. தென்னிந்தியக் கோயில்களிலே திரியும் நாட்டுக்குரங்கு அதற்கு நெருங்கிய உறவு, வேறு இனம். கடல் தாழ்ந்த காலங்களிலே பாக்குநீரிணை தரையாயிருந்தது. உயர்ந்த காலங்களிலே உறவினர் பிரிந்தனர். எது எதற்குத் தந்தை என்பதில்லை, இரண்டும் ஒரு மூதாதையின் மக்கள். மனிதனும் சிம்பன்சியும் அவ்வாறே, ஏறக்குறைய 60 அல்லது 70 இலட்சம் ஆண்டின் முன் பிரிந்த கிளைகள். ஆதலின், மாணாக்கன் மரத்திற் காணும் குரங்கு அவனுக்குப் பாட்டனன்று. மிகத் தூரத்துத் தாயாதி.

இந்திய மத்திய கல்வி இராஜாங்க அமைச்சராயிருந்த சத்யபால் சிங் என்பவர், குரங்கு மனிதனாகியதை நம் முன்னோர் எவரும் கண்டதாகச் சொல்லவில்லை, ஆதலால் டார்வின் கொள்கை பிழை என்று 2018இற் கூறினார். 2023இலே அந்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலினின்றும் கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டமை வெளிப்பட, 1800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு மறுத்தனர். காணவில்லை என்பார்க்கு நம் வன்னி மண்ணே விடை சொல்லும். இலங்கையிலே டி.டி.ரி. மருந்தினால் மலேரியா ஒடுங்கி 1963இலே நோயாளர் தொகை 17 ஆயிற்று. தெளிப்பு நின்றபின் நோய் மீண்டது; மீளத் தெளித்தபொழுது, அம்மருந்தைத் தாங்கவல்ல நுளம்புகள் மிஞ்சிப் பெருகியிருந்தன. 1970களிலே மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாற நேர்ந்தது. பலவற்றுட் சில தப்புகின்றன. தப்பியவற்றின் தன்மை சந்ததிக்கு வருகின்றது. இதுவே இயற்கைத் தேர்வு. வன்னிக் காய்ச்சலில் நடுங்கிய நம் பெரியோர் அதனை அறியாமலே கண்டார்கள்.

இவ்வளவும் எளிது. அரியது வேறொன்று. இத்தேர்விலே பிழைப்பவை சில, மாய்வன பல. கம்பளிப்புழுவின் உடலுள்ளே முட்டையிட்டு, தன் குஞ்சுகள் அதனை உயிரோடு தின்னச் செய்யும் குளவியினத்தை அருள்மிக்க கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பாரென நம்ப இயலவில்லை என்று டார்வின் 1860இல் ஆசா கிரே என்னும் நண்பருக்கு எழுதினார். இது ஏளனமன்று, நல்ல நெஞ்சின் வருத்தம். நாம் வினையைக் கூறுவோம். சூரியன் சந்நிதியிலே ஒரு தாமரை மலர, ஒன்று கூம்ப, ஒன்று வாட, சூரியன் விகாரமடையாதிருத்தலையும் கூறுவோம். இவ்விடை நமக்கு ஏற்புடையது. ஆயினும், அப்புழுவின் வேதனையை நினைந்து இதனால் மனம் ஆறாத ஒருவரை நாத்திகர் என்று இகழ நமக்கு வாய் வரவில்லை. வினை என்னும் சொல்லை மிக எளிதாகச் சொல்பவர்களைக் காண நமக்கு அச்சமே உண்டாகின்றது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. பிறவிகளை ஏணியாக வரைந்தவன் அடுத்து மனிதருக்குள்ளும் ஏணி வரைவான். மேனாட்டிலே சிலர் டார்வின் பெயரைச் சொல்லி, வல்லார் வாழ்க மெல்லியார் மாய்க என்றனர். இங்கே வினையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை நிலத்திலே இருத்தினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, சமாசனம் கொடுத்த பாடசாலைகள் சில யாழ்ப்பாணத்திலே எரியூட்டப்பட்டன. டார்வின் நூலிலும் அதற்கு இடமில்லை, சித்தாந்தத்திலும் இல்லை. பசு என்னும் ஒரு பெயருள்ளே எல்லா உயிரும் அடங்கும்.

கூர்ப்பைச் சைவசமய பாடவேளையிலே விரித்துரைக்கலாமோ என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு, வேண்டா என்பதே நம் விடை. அதனை விஞ்ஞான வேளையிலே, குறைக்காமல், செங்குரங்கையும் நுளம்பையும் காட்டிக் கற்பியுங்கள். சமய வேளையிலே மாணாக்கன் தானே எழுந்து கேட்டால் மட்டும், சிவபெருமான் உயிரைப் படைக்கவில்லை, உயிருக்கு உடலைக் கூட்டினார். அவ்வுடல் வந்த வழியை நீ காலையிலே படித்தாய் என்று கூறுங்கள். அவன் அடுத்து, "அப்படியாயின் குரங்கின் உடலிலும் ஓருயிர் இருக்கின்றதா, சேர்?" என்று கேட்பான். அதற்கு ஒரு பாடவேளை போதாது.