பூட்டுக்கு மனச்சான்று உண்டோ?

தம் தாயார் விரும்பிப் பார்க்கும் பழைய படத்தின் டி.வி.டி. தகட்டை விலை கொடுத்து வாங்கிய பங்குமகன் ஒருவர், அதில் கீறல் விழுமுன் ஒரு படி எடுத்து வைக்க முயன்றார். தகட்டிலிருந்த பூட்டு இடந்தரவில்லை. “அதை உடைத்துப் படியெடுத்தால் களவாகுமா, சுவாமி?” என நம்மை வினவினார். ஏழாம் கட்டளையைச் சுட்டி உடனே விடையளித்திருக்கலாம். ஆயினும் வினா அத்துணை எளிதன்று.

அமெரிக்காவில் இது 1976-இலேயே வழக்காக எழுந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவு செய்ய உதவிய சோனியின் பீட்டாமாக்ஸ் கருவிக்கு எதிராக யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. ஒளிபரப்பைப் பதிந்து பின்னொரு வேளையில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என 1984-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தம் சிறுவர் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து பார்ப்பதில் தமக்குத் தடையில்லை என்ற பிரெட் ராஜர்சின் சாட்சியமும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அவர் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர் என்பதை நினைவுகூர்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

நீதிமன்றம் திறந்த கதவைப் பொறியியல் அடைத்தது. மேக்ரோவிஷன் என்னும் முறை, ஒளிநாடாவில் கண்ணுக்குப் புலனாகாத துடிப்புகளைப் புகுத்தியது. தொலைக்காட்சி அவற்றைப் பொருட்படுத்தாது; பதிவுக் கருவியோ ஏமாந்து, வெளிறியும் இருண்டும் தள்ளாடும் படியையே தரும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம், புதிய வீடியோ பதிவுக் கருவிகள் அத்தடைக்குப் பணிய வேண்டும் என்றது. படைப்பை அணுகவிடாத பூட்டை உடைப்பதையும் தடை செய்தது. மின்னூலைக் குரலாக்கிக் கேட்க விரும்பிய பார்வையற்றோர்கூட மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்கு வேண்டி நிற்க நேர்ந்தது.

ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்பது நல்ல சட்டம். ஆயினும் சித்தம் கலங்கியவன் தன் வாளைக் கேட்டால் கொடுப்பது தீது என்கிறார் புனித தோமா அக்குவினார். சட்டத்தின் சொல்லை விடுத்து அதன் நோக்கத்தைப் பற்றும் அந்நற்பண்புக்கு ‘எப்பிக்கேயா’ என்று பெயர். (குருமடத்தில் இச்சொல்லை உச்சரிக்கவே நாம் இடர்ப்பட்டதுண்டு.) பூட்டுக்கு இப்பண்பு வாராது. ஆயிரம் படியெடுத்துச் சந்தையில் விற்பவனும், தாய்க்கென ஒரு படி எடுக்கும் மகனும் அதற்கு ஒருவரே.

படைப்பாளருக்கு ஊதியம் வேண்டாம் என்போம் அல்லோம். பக்திப் பாடல் ஒலிநாடாக்களைத் தயக்கமின்றிப் படியெடுத்துப் பகிர்ந்தோர் நம் பங்குகளிலேயே உண்டு. பாடியவருக்கு அதனால் ஒரு காசும் சென்றதில்லை. அதற்காக எவரும் மனம் வருந்தி நாம் கண்டதில்லை.

நம் நாட்டில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. நோக்கத்தை வினவும் இச்சட்டம் அறநெறி இறையியலுக்கு அணுக்கமானது. சட்டம் வினவினாலும், தகட்டிலுள்ள பூட்டு எதையும் வினவுவதில்லை.

“உம் தகட்டை உம் வீட்டுக்கெனப் படியெடுப்பது களவன்று, விற்றால் களவு” என்றோம். பூட்டை எவ்வாறு திறப்பது என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்குக் குருமடத்தில் நமக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை.