மற்ற ஒன்பது பேர்



நம்முடைய பூசைக் கருத்துக் கொப்பியை இந்தக் கிழமை ஆறுதலாக இருந்து வாசித்தேன். அறுவடை நல்லபடி முடிந்ததற்கு நன்றி. மகளின் சுகப்பிரசவத்துக்கு நன்றி. மூத்தவனுக்கு விசா கிடைத்ததற்கு மடுமாதாவுக்கு நன்றி. அதே பக்கத்தில், சில இடங்களில் அதே கையெழுத்தில், 'காணாமற்போன மகனுக்காக' என்றும் இருக்கிறது.

போர் முடிந்த 2009இல் நம் ஊருக்குப் பக்கத்தில், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டிருந்தது. முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று பெரிய பெரிய பெயர்கள். உள்ளே தறப்பாள் கொட்டில்கள். இங்கே இருப்பவர்களில் சிலர் அந்தக் கொட்டில்களில் கிடந்தவர்கள். சிலர் முட்கம்பிக்கு வெளியே நின்று சொந்தங்களின் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். அதற்கு முந்திய வருடம் ஏப்ரலில் மடுத் திருத்தலத்து மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆகஸ்டில் திரும்பவும் மடுவுக்கு வந்து சேர்ந்தது. மாதா வீடு திரும்பிவிட்டாள் என்று மகிழ்ந்தோம். வன்னிச் சனத்துக்கோ மிகக் கொடிய மாதங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

ஆகவே கேட்கிறேன். என்னை உயிரோடு கொண்டுவந்த கடவுளுக்கு நன்றி சொல்லும்போது, பக்கத்துப் பங்கருக்குள் இருந்தவர்களின் முகம் வந்தால் என்ன செய்வது? அந்த நன்றியை வாய்விட்டுச் சொல்லலாமா?

இன்றைய நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் தூரத்தில் நின்றுதான் இயேசுவைக் கூப்பிடுகிறார்கள். கிட்ட வர அவர்களுக்கு அனுமதி இல்லை. அது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பத்துப் பேரும் குணமடைகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரையும் நாங்கள் குருமார் காலங்காலமாக மறையுரைகளில் ஏசி வருகிறோம். ஆனால் ஆண்டவர் அவர்கள் எங்கே என்று கேட்டாரே தவிர, கொடுத்த சுகத்தைத் திருப்பி வாங்கவில்லை. நன்றி சொல்ல வராதவனின் உடம்பிலும் அவருடைய இரக்கம் அப்படியே இருந்தது. இழப்பின் பாரத்தால் இன்னும் நன்றி சொல்ல வாய் வராத அம்மா, அப்பா, நீங்கள் அவருக்குக் கடன்காரர் அல்ல. அவர் உங்களைத் தேடுகிறார். கணக்குக் கேட்கத் தேடவில்லை.

அவர் தாமே எப்போது நன்றி சொன்னார் என்று பாருங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி செலுத்தினார். யூதாஸ் என்ன செய்யப் போகிறான் என்று அவருக்குத் தெரியும். நாளை என்ன நடக்கும் என்றும் தெரியும். சிலுவை நீங்கட்டும், பிறகு நன்றி சொல்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. நோகவில்லை என்று பாசாங்கு செய்யவும் இல்லை, அதே இரவில்தான் தோட்டத்தில் துயரத்தால் நொறுங்கினார். ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் சேர்ந்துகொள்வது அந்த நன்றியோடுதான். கண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பீடத்துக்கு வர வேண்டும் என்று இல்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'எங்கள் செபத்தால்தான் தப்பினோம்' என்று சொல்லாதீர்கள். செபமாலையைக் கையில் பிடித்தபடியே இறந்தவர்களும் நம் சனம்தான். தப்பியது நம்முடைய புண்ணியம் என்றால் அது தற்பெருமை. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு அது இன்னொரு காயம்.

2017 பெப்ரவரியில் வவுனியாவில் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்து காணாமற்போன பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கிய தாய் தகப்பன்மாரில் பலர், பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை பத்திரமாக வந்ததற்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறவர்களே, பூசை முடிந்ததும் அப்படி ஒரு தாயின் வீட்டுக்குப் போங்கள். இந்தப் போக அரிசியில் கொஞ்சம் கொண்டுபோங்கள். மகனைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் கேளுங்கள். எத்தனையாவது தடவை சொன்னாலும் கேளுங்கள். ஆமென்.