சாட்சியின் கைகள்

பிள்ளைகளின் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து முதன்முதலாக றாப் கேட்டபோது நாம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திடுக்கிட்டிருப்போம். தெருவில் மறிக்கப்படுவது, கைகளை உயர்த்தி நிற்பது, முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிக்கப்படுவது: இவை நாம் அறியாத விடயங்கள் அல்ல.

1988இல் வெளிவந்த 'ஸ்ரெயிற் அவுற்றா கொம்ரன்' என்ற இசைத்தட்டு பேசியது இவற்றைத்தான். கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லொன்றைத் தன் பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்ட என்.டபிள்யூ.ஏ. குழுவினுடையது அது. லொஸ் ஏஞ்சல்ஸை அடுத்த கொம்ரன் நகரைச் சேர்ந்த ஈஸி-ஈ தொடங்கிய சிறு நிறுவனம் அதைத் தயாரித்தது. டொக்ரர் ட்றேயும் டி.ஜே. யெல்லாவும் இசையமைக்க, வரிகளிற் பெரும்பகுதியை ஐஸ் கியூப்பும் எம்.சி. றென்னும் எழுதினர். ஆறு கிழமைகளில் அள்ளிக்கட்டிச் செய்தது என்று ட்றே பின்னர் சொன்னார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள், இயந்திர மேளம், அவற்றின்மேல் இளைஞரின் கோபம். வானொலிகள் பெரும்பாலும் அதைத் தொடவில்லை. அப்படியிருந்தும் 1989இல் விற்பனை 10 இலட்சத்தை எட்டியது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. தெருக்குழுக்களை ஒழிப்பதாகச் சொல்லி லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 1,000க்கு மேற்பட்டோரைப் பிடித்தது. ஓகஸ்ட் 1ஆம் திகதி டால்ரன் அவெனியூவில் 80க்கு மேற்பட்ட பொலிசார் இரண்டு தொடர்மாடிக் கட்டடங்களுக்குள் புகுந்து சுவர்களை உடைத்தனர், மலசலகூடங்களை நொறுக்கினர். கிடைத்ததோ சொற்ப போதைப்பொருள். சுற்றிவளைப்பு என்ற சொல்லுக்கு எமக்கு அகராதி தேவையில்லை.

இத்தட்டில் பொலிசைத் திட்டும் பாடல் ஒரு நீதிமன்றக் காட்சியாக அமைந்திருக்கிறது. ட்றே நீதிபதி. மற்றவர்கள் சாட்சிகள். கூண்டில் நிற்பது பொலிஸ். நிஜத்தில் கிடைக்காத நீதிமன்றத்தைப் பாட்டில் கட்டினார்கள். 1989 ஓகஸ்டில் எவ்.பி.ஐ. அதிகாரி ஒருவர் விநியோக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். முந்திய ஆண்டில் 78 பொலிசார் கொல்லப்பட்டதைச் சுட்டி, பாடல் வன்முறையைத் தூண்டுகிறது என்றார். நாம் தெருவில் கண்டதைச் சொல்கிறோம் என்பதே குழுவின் பதிலாக இருந்தது.

அந்தப் பதிலை நாம் ஏற்கிறோம். பாட்டிலே துப்பாக்கி தூக்குபவன் ஒரு வேடம். ஐஸ் கியூப் அதற்குச் சற்று முன்னர்தான் அரிசோனாவில் கட்டட வரைபடக்கலை படித்துவிட்டு வந்தவர். 1991 மார்ச்சில் றொட்னி கிங்கைப் பொலிசார் அடித்து நொறுக்கியதை ஒருவர் தன் வீட்டு மேல்மாடத்திலிருந்து படம்பிடித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஜூரர்கள் அப்பொலிசாரைத் தண்டிக்காமல் விட்டபோது நகரம் எரிந்தது. 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். பாட்டு பொய்ச்சாட்சி சொல்லவில்லை என்பதை உலகமே கண்டது.

சிக்கல் அதே தட்டின் வேறு பாடல்களில் இருக்கிறது. அங்கே பெண்ணுக்குப் பெயரில்லை. வசைச்சொல்லே அவளுடைய பெயர். அவளும் அதே தெருவில்தான் இருந்தாள். சுற்றிவளைப்பில் அவளுடைய வீடும்தான் உடைந்தது. ஆயினும் பாட்டின் நீதிமன்றம் அவளைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

இதையும் வேடம் என்று கடந்துபோகலாமா? றொட்னி கிங் அடிபடுவதற்குச் சுமார் ஐந்து கிழமை முன்பு, ஹொலிவூட் விருந்தொன்றில், டீ பார்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஊடகவியலாளரை ட்றே தாக்கினார். பாட்டில் நீதிபதியாக அமர்ந்தவர் நிஜ நீதிமன்றில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அந்த அடியைப் படம்பிடிக்க எவரும் மேல்மாடத்தில் நிற்கவில்லை. 2015இல் குழுவின் கதை திரைப்படமானபோது அந்தச் சம்பவம் அதில் இல்லை. பார்ன்ஸ் இந்த மௌனத்தைப் பற்றி எழுதினார். அந்த நாட்களில்தான் ட்றே, தான் புண்படுத்திய பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

சாட்சி என்பவன் கண்டதைச் சொல்பவன். தன் கைகள் செய்ததை அவன் 'கண்டதாக' மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அதற்காக அவன் முன்னர் சொன்ன சாட்சியம் பொய்யாகிவிடுவதுமில்லை. ஒடுக்கப்பட்டவன் சொல்வதெல்லாம் புனிதம் என்பதும், கறைபடிந்தவன் சொல்வதெல்லாம் பொய் என்பதும் ஒரே சோம்பலிலிருந்து பிறப்பவை.

நாமும் சாட்சிகளாக இந்த நாடுகளுக்கு வந்தவர்கள். அகதி விண்ணப்பத்திலும் கவிதையிலும் மேடையிலும் எமக்கு நடந்ததைச் சொன்னோம், உண்மையையே சொன்னோம். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி எம்மில் எத்தனைபேர் வாய் திறந்தோம்? வீட்டுக்குள் அடிவாங்கிய பெண் பேச வந்தபோது, இது அதற்கான நேரமல்ல என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்?

2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்ப்பதாக அறிவித்தது. அன்று கண்டித்துக் கடிதம் எழுதிய அரசு இன்று அதைப் பாதுகாக்கிறது. பாதுகாக்கட்டும். நாம் அதைக் கேட்கும்போது பார்ன்ஸின் சாட்சியத்தையும் பக்கத்தில் வைத்தே கேட்போம்.

அன்று கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகள் இன்று தாமே பெற்றோர். அவர்களோடு இருந்து இந்தத் தட்டை மறுபடி கேட்டால், அவர்கள் எம்மிடம் கேட்கும் முதற் கேள்வி கொம்ரனைப் பற்றியதாக இருக்காது.